சபா ரெக்கார்டிங்கில் பொங்கும் தொப்பி: மல்டிபேண்ட் கம்ப்ரஸர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

எடுத்துக்கொண்ட கோப்பு இது: மிக்ஸரின் மெயின் அவுட்டிலிருந்து நேராக எடுத்த ஸ்டீரியோ வேவ், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டரை மணி நேரக் கச்சேரி. பெண் குரல், 5 கட்டை சுருதி. வயலின், மிருதங்கம், கடம், மின் தம்புரா. தனித்தனி டிராக் எதுவும் கிடையாது, இந்த இரண்டு சேனல்தான். இதை யூடியூபில் ஏற்றும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

குறை மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில். ஹாலில் கும்மென்று கேட்கட்டும் என்று அந்த மைக்கின் லோ குமிழை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மெல்லிய சொற்கள் விழும்போது தொந்தரவு இல்லை. கும்கி (தொப்பியில் வழுக்கி எழும் கனத்த ஒலி) விழும்போதெல்லாம் அடிப்பகுதி பொங்கி, சாகித்தியத்தின் எழுத்துகளை விழுங்குகிறது. ஆலாபனையில் நிலைமை தலைகீழ். மிருதங்கம் ஓய்ந்திருக்கும்போது அடியில் இருக்கும் கனம் தம்புராவின் மந்திர ஸ்தாயிக் கம்பி ஒன்றுதான். அதையும் குறைத்தால் குரல் அந்தரத்தில் தொங்கும்.

ஒரு குறிப்பிட்ட அலைவரிசைப் பகுதியில் மட்டும் சிக்கல், அதுவும் வந்து வந்து போகும் சிக்கல், மிக்ஸைத் திறந்து சரிசெய்யவும் வழியில்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான், ஒலியை அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்து உரக்க எழும் துண்டை மட்டும் அமுக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரஸருக்கு வேலை. ஒன்று குறைந்தாலும் அதைவிட எளிய கருவி ஒன்று இருக்கும். மாஸ்டரிங் செயினில் வழக்கமாக ஒரு மல்டிபேண்ட் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது டெம்ப்ளேட் விற்பவர்கள் கிளப்பிவிட்ட பழக்கம்.

போடுவதற்கு முன் சோதிக்க வேண்டியவை

முதலில் சாதாரண ஈக்யூவை (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு 90 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையுங்கள், அகலம் க்யூ 1 போதும். கீர்த்தனையில் ஒரு நிமிடம், ஆலாபனையில் ஒரு நிமிடம் கேளுங்கள். இரண்டுமே தேறினால் ஈக்யூவோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படியென்றால் சிக்கல் நிரந்தரமானது, அதற்கு நிரந்தரமான வெட்டுதான் மருந்து. இந்தக் கோப்பில் கீர்த்தனை தெளிகிறது, ஆலாபனை மெலிந்துவிடுகிறது. ஆகவே ஈக்யூ மட்டும் போதாது.

அடுத்து, ஏறி இறங்குவது ஒரு பகுதியா, மொத்த ஒலியுமா என்று பாருங்கள். கைதட்டல், பாடகர் மைக்கை விட்டுத் திரும்புவது, சவுண்ட்காரர் நடுவில் ஃபேடரைத் தூக்கியது எல்லாம் மொத்த அளவின் மாற்றங்கள். அதற்குக் கெயின் ஆட்டோமேஷன்தான், அதாவது ஒலியளவை இடத்துக்கு இடம் கையால் ஏற்றி இறக்குவது. கைதட்டலை மட்டும் 6 முதல் 8 டெசிபல் வரை கையால் இறக்கிவிட்டால், பின்னால் வரும் கம்ப்ரஸருக்கும், உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டருக்கும் பாதி வேலை குறையும். இந்த வேலையைச் சோம்பலால் கம்ப்ரஸரிடம் தள்ளுபவர்கள் அதிகம்.

மூன்றாவது, சிக்கல் எவ்வளவு அகலம்? ஹாலின் அதிர்வால் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வீங்குகிறது என்றால் அது குறுகிய சிக்கல். அங்கே, ஒலி உரக்கும்போது மட்டும் வெட்டும் டைனமிக் ஈக்யூ வேண்டும். தொப்பியின் பொங்கல் அப்படியல்ல. கும்கியில் சுருதி வழுக்கி ஏறுவதால் அது ஓர் இடத்தில் நிற்காது. 70, 80 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 தாண்டியும் போகும். அகலமான பகுதியை மொத்தமாகப் பிடித்து அமுக்க வேண்டும்.

நான்காவது கேள்வியைக் கேட்காமலே விடுகிறோம்: அந்தச் சவுண்ட்காரரிடம் மல்டிடிராக் இருக்கிறதா? இப்போதைய டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் யூஎஸ்பி வழியாகவோ கார்டிலோ எல்லாச் சேனல்களும் தனித்தனியாகப் பதிவாகும். ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். தொப்பி டிராக் தனியாகக் கிடைத்தால் அதில் 3 டெசிபல் குறைத்தாலே போதும், கீழே எழுதியிருப்பது எதுவும் தேவைப்படாது.

துப்புரவு

மல்டிபேண்ட் ஒலியின் அளவைப் பார்த்து வேலை செய்யும் கருவி. தேவையற்ற சத்தம் உள்ளே இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வேலை செய்யும். மேடை மரத்தில் கால் தட்டுவது, மைக் ஸ்டாண்டை இடிப்பது, ஏசியின் உறுமல் எல்லாம் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பெரும்பாலும் கிடக்கின்றன. 35 முதல் 40 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 18 டெசிபல் சரிவில், கீழே இருப்பதை வெட்டும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர். மின்சார முனகல் இருந்தால் 50 ஹெர்ட்ஸிலும் தேவைப்பட்டால் 150 ஹெர்ட்ஸிலும் குறுகிய வெட்டான நாட்ச். 100 ஹெர்ட்ஸ் முனகலில் மட்டும் கவனம் வேண்டும்: 5 கட்டையின் மந்திர ஸட்ஜம் 98 ஹெர்ட்ஸ், நாட்ச் போட்டால் தம்புராவின் கம்பியும் சேர்ந்து போய்விடும். அந்த முனகலைச் சகித்துக்கொள்வதே மேல்.

பிரிக்கும் இடம்

மல்டிபேண்ட் கம்ப்ரஸர் ஒலியைக் கிராஸ்ஓவர் ஃபில்டர்களால் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அமுக்கி, திரும்ப ஒட்டுகிறது. பரவலாக உள்ளது ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவுள்ள லிங்க்விட்ஸ்-ரைலி வகை. கிராஸ்ஓவர் புள்ளியில் இரண்டு துண்டும் 6 டெசிபல் குறைந்து நிற்கும். சேர்த்தால் அளவு சமமாகிவிடும். ஆனால் ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்க நிலை) சமமாகாது. அந்தப் புள்ளியில் 180 டிகிரி திரும்பியிருக்கும். எதையும் அமுக்காமல் சும்மா போட்டு வைத்தாலே இந்தத் திருப்பம் நடந்துவிடும். துண்டுகள் கூடக் கூடத் திருப்பங்களும் கூடும். நான்கு பேண்டு திறந்து வைத்து இரண்டை மட்டும் பயன்படுத்துவது இதனால்தான் வீண்செலவு. இந்த வேலைக்கு இரண்டே பேண்டு: தொப்பி இருக்கும் அடிப்பகுதி, மற்றதெல்லாம்.

எங்கே வெட்டுவது என்பதற்குப் பிரீசெட்டுகள் பதில் சொல்லாது. அவை டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் உள்ள பாட்டுகளை நினைத்துச் செய்தவை. கச்சேரியில் சுருதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 5 கட்டைக்கு மத்ய ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147, மந்திர ஸட்ஜம் 98. தம்புரா இந்த மூன்றையும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கிராஸ்ஓவரை இதில் ஏதாவது ஒன்றின் மேல் வைத்தால், ஒவ்வொரு தொப்பி அடிக்கும் அந்த ஸ்வரம் பாதி அமுங்கி மீளும். சுருதியே ஆடுவதுபோல் காதில் படும். 98க்கும் 147க்கும் நடுவில், 120 ஹெர்ட்ஸ் சரியான இடம்.

கணக்குப் போட்டால் இப்படி வரும். 120 ஹெர்ட்ஸில் வெட்டி, அடிப் பேண்டை 3 டெசிபல் அமுக்கினால், 85 ஹெர்ட்ஸில் சுமார் 2.3 டெசிபல் குறைகிறது. 98ல் சுமார் 2. மந்திர பஞ்சமத்தில் 0.8. பாடகரின் ஆதார ஸட்ஜமான 196ல் வெறும் 0.3. அதாவது குரலை ஏறக்குறைய தொடாமல் தொப்பியைப் பிடித்துவிடலாம். கும்கி 120க்கு மேலே வழுக்கும்போது பிடி நழுவும்தான். ஆனால் பொங்கல் தொடங்குவது கீழே என்பதால் அந்த நழுவல் பெரிதாகத் தெரிவதில்லை.

ஆண் குரல், 1 கட்டை என்றால் கணக்கு மாறும். ஆதார ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 98. இடைவெளி குறுகல், 113 ஹெர்ட்ஸ் வாக்கில் வைக்க வேண்டும், அமுக்குவதையும் 2 டெசிபலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 120 என்ற எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் ஆதார ஸட்ஜத்துக்கு மிக அருகில் விழுந்துவிடும்.

எண்கள்

ரீப்பரோடு வரும் ரீஎக்ஸ்காம்ப் போதும். லாஜிக்கில் மல்டிபிரஸர், ஏபிள்டனில் மல்டிபேண்ட் டைனமிக்ஸ், வெளியே வாங்குவதென்றால் ஃபேப்ஃபில்டர் ப்ரோ-எம்பி, வேவ்ஸ் சி4. குமிழ்களின் இடம் மாறும், வேலை ஒன்றுதான்.

அடிப் பேண்டை மட்டும் சோலோ செய்து, மிருதங்கம் நன்றாகப் பேசும் ஒரு நிரவலை லூப்பில் போடுங்கள். மீட்டரில் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாதாரணச் சொற்கள் எங்கே தொடுகின்றன, பொங்கும் கும்கி எங்கே தொடுகிறது. உதாரணமாகச் சாதாரணச் சொல் மைனஸ் 24, கும்கி மைனஸ் 16 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 டெசிபல். அதில் 3 டெசிபலைக் குறைத்தால் போதும். முழு வித்தியாசத்தையும் அழித்தால் மிருதங்கம் அட்டைப்பெட்டியாகிவிடும்.

ரேஷியோ 2:1 வைத்தால், த்ரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் அளவு) தாண்டிய ஒவ்வொரு 2 டெசிபலுக்கும் 1 டெசிபல் குறையும். 3 டெசிபல் குறைய வேண்டுமென்றால் 6 டெசிபல் தாண்ட வேண்டும். மைனஸ் 16லிருந்து 6 கீழே, மைனஸ் 22. அதுதான் த்ரெஷோல்ட். சாதாரணச் சொல் மைனஸ் 24ல் நிற்பதால் அதைத் தொடாது. அமுக்கம் மெல்லத் தொடங்க வைக்கும் ‘நீ’ (knee) குமிழில் 6 டெசிபல் கொடுத்தாலும் மைனஸ் 24ல் குறைவது ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

அமுக்கம் பிடிக்க எடுக்கும் நேரமான அட்டாக் 25 மில்லிசெகண்ட். 90 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 11 மில்லிசெகண்ட். ஆக இரண்டு அலைகளுக்குச் சற்று மேல். கை தோலில் விழும் அடி அப்படியே கடந்து போகும், பின்னால் நீளும் வால்தான் அமுங்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

அமுக்கத்தை விடும் நேரமான ரிலீஸுக்குத் தாளத்தைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம் போகும் ஆதி தாளத்தில் ஓர் அட்சரம் 750 மில்லிசெகண்ட், அதில் நான்கு மாத்திரை என்றால் ஒன்று சுமார் 188. ரிலீஸ் 120 முதல் 150க்குள் இருந்தால் அடுத்த மாத்திரைக்குள் பேண்ட் ஓரளவு மீண்டுவிடும். 400, 500 என்று வைத்தால் மீளவே நேரம் கிடைக்காது. கீர்த்தனை முழுவதும் அடிப்பகுதி 2, 3 டெசிபல் இறங்கியே கிடக்கும். அப்புறம் அது கம்ப்ரஸர் அல்ல, விலை உயர்ந்த ஈக்யூ.

ஒலியை அளக்கும் டிடெக்டர் ஆர்எம்எஸ் (சராசரி) முறையில், சராசரி எடுக்கும் ஜன்னல் 20 மில்லிசெகண்ட். ஸ்டீரியோ லிங்க் முழுதாக, இல்லையென்றால் மிருதங்கம் ஒரு பக்கம் தள்ளியிருக்கும் மிக்ஸில் ஒவ்வொரு அடிக்கும் தம்புரா எதிர்ப்பக்கம் நகரும். ஆட்டோ மேக்கப்பை அணைத்துவிடுங்கள். அமுக்கியதைத் திரும்ப ஏற்றி, மெல்லிய பகுதிகளில் அடிக்கனத்தைக் கூட்டி, எதற்காகப் போட்டோமோ அதையே கெடுக்கும் குமிழ் அது. மேல் பேண்டின் ரேஷியோ 1:1. அதைத் தொட வேண்டிய காரணம் இன்னும் வரவில்லை.

தம்புரா காட்டிக்கொடுக்கும்

ஆலாபனைக்குப் போய் அடிப் பேண்டின் கெயின் ரிடக்ஷன் மீட்டரைப் பாருங்கள். அது அசையவே கூடாது. அசைந்தால் த்ரெஷோல்ட் தாழ்வாக இருக்கிறது, அல்லது துப்புரவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பிறகு கீர்த்தனைக்கு வந்து மிருதங்கத்தைக் கேட்காதீர்கள், தம்புராவைக் கேளுங்கள். மேற்கத்தியப் பாட்டில் பம்பிங்கை (அமுக்கத்தால் ஒலி ஏறி இறங்குவது) கண்டுபிடிக்கக் காது பழக வேண்டும். கச்சேரியில் அந்தப் பயிற்சியே வேண்டாம், இடைவிடாமல் ஒரே அளவில் ஒலிக்கும் ஒன்று பின்னால் இருந்துகொண்டே இருக்கிறது. தொப்பி விழுந்தவுடன் தம்புராவின் கீழ்க்கம்பி உள்வாங்கி மெல்ல மேலெழுந்தால் அமுக்கம் அதிகம். முதலில் ரேஷியோவை 1.6க்கு இறக்குங்கள், அதற்குப் பிறகும் தெரிந்தால் த்ரெஷோல்டை 2 டெசிபல் ஏற்றுங்கள். ரிலீஸைக் குறைத்துத் தப்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், அது வேறொரு குழியில் கொண்டுபோய் விடும்.

அந்தக் குழி இது. அடி அலைவரிசையில் ரிலீஸ் ஓர் அலையின் நீளத்துக்கு அருகே வந்தால், கம்ப்ரஸர் ஒலியின் அளவைப் பின்தொடர்வதை விட்டு அலையின் வடிவத்தையே பின்தொடரத் தொடங்கும். 80 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை அட்டாக் 1, ரிலீஸ் 10 மில்லிசெகண்ட் வைத்து, பீக் டிடெக்டரில் ஓட்டி ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். 240 ஹெர்ட்ஸில் புதிதாக ஒரு முள் எழும்பி நிற்கும். தொப்பியில் அது ஒரு கரகரப்பாகக் கேட்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். அடிப் பேண்டில் ரிலீஸை 80 மில்லிசெகண்டுக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

எதை எடுத்துவிட்டோம் என்று தனியாகக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. அசலையும் பதப்படுத்தியதையும், ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழை) மாற்றிக் கூட்டினால் மிச்சம் கேட்கும் என்பது பொதுவான யோசனை. ஆனால் கிராஸ்ஓவரின் ஃபேஸ் திருப்பம் இருப்பதால், ஒன்றும் அமுக்காவிட்டாலும் நிறைய மிச்சம் கேட்கும், குழம்பிப்போவீர்கள். அதற்குப் பதில் டிராக்கை நகலெடுத்து, அதில் அதே பிளக்இன், அதே கிராஸ்ஓவர், ரேஷியோ மட்டும் 1:1. அந்த நகலின் போலாரிட்டியைத் திருப்புங்கள். இப்போது கேட்பது கம்ப்ரஸர் எடுத்தது மட்டும். தொப்பியின் துப் துப் என்ற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கக் கூடாது. தம்புரா மெலிதாக ஒட்டியிருப்பது சகஜம். சாகித்தியத்தின் வார்த்தைகள் புரியும் அளவுக்குக் குரல் கேட்டால் கிராஸ்ஓவர் மேலே போய்விட்டது.

பைபாஸ் ஒப்பீட்டில் உரப்பைச் சமன் செய்துகொள்ளுங்கள், 0.2 டெசிபலுக்குள். உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாகக் கேட்கும். ஐந்து அங்குல ஸ்பீக்கரும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் 80 ஹெர்ட்ஸைப் பற்றி முடிவெடுக்காதீர்கள், ஹெட்ஃபோனிலும் கேளுங்கள்.

தனி ஆவர்த்தனம்

தனியில் மட்டும் இந்த அமைப்பு பொருந்தாது. அங்கே தொப்பி எந்தக் குரலையும் மறைக்கவில்லை, மிருதங்க வித்வான் கும்கியை ஏற்றியும் இறக்கியும் பேசுவதைத்தான் கேட்க உட்கார்ந்திருக்கிறோம். த்ரெஷோல்டை ஆட்டோமேஷனில் 4 டெசிபல் ஏற்றிவிடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் மைனஸ் 22 இருந்தது மைனஸ் 18 ஆகும், கும்கியில் 1 டெசிபல் மட்டும் குறையும். பைபாஸ் பொத்தானை ஆட்டோமேட் செய்யாதீர்கள்: பைபாஸில் ஃபேஸ் திருப்பமும் சேர்ந்து மறையும், மாறும் நொடியில் ஒரு சொடுக்குக் கேட்கலாம், அடியின் தன்மையும் மாறும். தனி முடிந்து பல்லவியை எடுக்கும்போது இரண்டு செகண்டில் மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

தார ஸ்தாயியும் ‘ஸ’காரமும்

அதே கோப்பில் இன்னொரு சிக்கல். தார ஸ்தாயியில் குரல் நின்று பாடும்போது 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை காதைக் குத்துகிறது. இதற்கு மூன்றாவது பேண்ட் திறக்கலாமே என்றுதான் கை போகும். இந்தப் பகுதியில் குரல் தனியாக இல்லை. வயலினின் வில் கடி, கடத்தின் நகச் சொற்கள், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்புச் சொல் எல்லாம் இங்கேதான். பேண்டை அமுக்கினால் சாப்பு விழும் ஒவ்வொரு முறையும் பாடகரின் மெய்யெழுத்துகள் மழுங்கும். அகலமான கருவி இங்கே ஆகாது.

டைனமிக் ஈக்யூ போடுங்கள். டிடிஆர் நோவா இலவசமாகவே கிடைக்கிறது. 3.2 கிலோஹெர்ட்ஸ் வாக்கில், க்யூ 2, ரேஷியோ 2:1, அட்டாக் 20, ரிலீஸ் 100 மில்லிசெகண்ட், குறைப்பு எந்த நேரத்திலும் 3 டெசிபலைத் தாண்டாதபடி த்ரெஷோல்ட். அட்டாக் 20 வைப்பது சாப்புக்காக: சாப்பின் கூர்மையான முகம் கருவி விழிக்கும் முன்னே கடந்துவிடும், நின்று ஒலிக்கும் குரல்தான் பிடிபடும். டைனமிக் ஈக்யூ ஒலியைத் துண்டாக்குவதில்லை. குறைப்பு பூஜ்யமாக இருக்கும்போது ஃபேஸையும் தொடுவதில்லை. ‘ஸ’, ‘ஷ’, ‘ச்ச’ சீறினால் 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு புள்ளி, அட்டாக் 1, ரிலீஸ் 40, மிஞ்சினால் 3 டெசிபல். இரைச்சலுக்குக் காரணம் மைக் பிரீஆம்ப் நிரம்பி வழிந்ததென்றால் எந்தக் கருவியும் அந்த நசுங்கலை நிமிர்த்தாது. குத்துவதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம், அவ்வளவுதான்.

லீனியர் ஃபேஸ், பேரலல்

ஃபேஸ் திருப்பம்தான் பிரச்சினை என்றால் லீனியர் ஃபேஸ் முறைக்குப் போகலாமே என்று கேட்பார்கள். திருப்பம் போகும், பதிலுக்கு முன்னதிர்வு வரும். ஃபில்டர் காலத்தில் இரண்டு பக்கமும் பரவுவதால், அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல் கேட்கத் தொடங்கும். கிராஸ்ஓவர் தாழத் தாழ இந்த நிழல் நீளும். 120 ஹெர்ட்ஸில் தொப்பிக்கு முன்னால் ஒரு மெல்லிய உறிஞ்சல்போல் இருக்கும். தாளவாத்தியம் உள்ள ஒலியில் சாதாரண முறையே மேல். ப்ரோ-எம்பியில் டைனமிக் ஃபேஸ் என்றொரு முறை உண்டு; அமுக்கம் நடக்கும்போது மட்டும் ஃபேஸ் மாறும், மற்ற நேரம் ஒலி அப்படியே போகும். கையில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பேரலல் செய்வதில் ஒரு கண்ணி உண்டு. அசலை ஒரு பஸ்ஸிலும் மல்டிபேண்டை இன்னொரு பஸ்ஸிலும் வைத்துச் சம அளவில் கூட்டினால், கிராஸ்ஓவர் புள்ளியில் 180 டிகிரி வித்தியாசத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 120 ஹெர்ட்ஸில் ஒரு குழி விழும், தொப்பி மாயமாகும். தொப்பி அடங்கிவிட்டது என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்களும் உண்டு. பேரலல் வேண்டுமென்றால் பிளக்இன் உள்ளேயே இருக்கும் மிக்ஸ் குமிழைப் பயன்படுத்துங்கள். அதையும் ரேஷியோ எல்லாம் 1:1 வைத்து, பாதியில் நிறுத்தி, பிங்க் நாய்ஸ் விட்டு அனலைசரில் குழி விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மல்டிடிராக் இருந்தால்

மிக்ஸிங்கில் மல்டிபேண்டுக்கு உள்ள இடம் தனி டிராக்கின் மேல்தான். பாடகர் மைக்கை நெருங்கும்போது அடிக்கனம் ஏறி, விலகும்போது இறங்குகிறதா? 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரே பேண்ட், 2:1 அல்லது 3:1, அட்டாக் 20, ரிலீஸ் 150. மந்திர ஸ்தாயியில் பாடும்போது அந்தப் பேண்ட் தேவையில்லாமல் அமுங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரையிசை வகைப் பாட்டில் பேஸ் கிட்டாரின் அடிப்பகுதியை 4:1ல் இறுக்கிப் பிடித்து, மேலே விரல் சத்தத்தைச் சுதந்திரமாக விடலாம். அங்கே கூச்சமில்லாமல் 5, 6 டெசிபல் வரை போகலாம். தனி டிராக்கில் யார் தலையும் சேர்ந்து உருளாது.

எக்ஸ்ஃபர் ஓடிடி போன்ற, மேலிருந்து அமுக்கிக் கீழிருந்து தூக்கும் கருவிகள் சிந்தசைசருக்கு அருமையாக இருக்கும். கச்சேரிக் கோப்பில் போட்டால் ஹாலின் ஏசி, இருமல், தாளம் போடும் தொடை எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடும். எஃப்எம் வானொலிக்குக் கொடுக்கும் கோப்பென்றால் மல்டிபேண்டை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது எடுத்தே விடுங்கள். நிலையங்களின் ஒலிபரப்புக் கருவி தானே ஒரு மல்டிபேண்ட். ஏற்கெனவே அமுங்கியது அங்கே இன்னொரு முறை அமுங்கும்.

செயினும் வெளியீடும்

வரிசை: ஹைபாஸும் நாட்ச்சும், கெயின் ஆட்டோமேஷன், தேவையிருந்தால் சாதாரண ஈக்யூ, இரண்டு பேண்ட் கம்ப்ரஸர், டைனமிக் ஈக்யூ, கடைசியில் லிமிட்டர். தொப்பியை லிமிட்டருக்கு முன்பே அடக்கியிருப்பதால், கும்கிக்கெல்லாம் லிமிட்டர் மொத்தக் கச்சேரியையும் கீழே இழுப்பது நின்றுவிடும். இந்தக் கோப்பில் கிடைத்த பெரிய லாபம் இதுதான். லிமிட்டரின் உச்சவரம்பு மைனஸ் 1 டெசிபல் ட்ரூபீக். குறைப்பு எப்போதாவது 2 டெசிபலைத் தொட்டால் போதும்.

உரப்பு மைனஸ் 16 முதல் மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் வரை இருக்கட்டும். யூடியூப் மைனஸ் 14க்கு மேலே இருப்பதை இறக்கும், கீழே இருப்பதை ஏற்றாது. அந்த 2 முதல் 4 டெசிபலுக்கு ஆசைப்பட்டு லிமிட்டரை அழுத்தினால் வலந்தலையின் ‘நம்’ மொட்டையாகிவிடும். மீட்டரில் பார்க்கும்போது கைதட்டலை இறக்கிய பிறகே பாருங்கள், சத்தமான கைதட்டல்கள் சராசரியை ஏற்றிக்காட்டும். ஏற்றுவதற்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவாகவே எடுங்கள். யாராவது குறுந்தகடு கேட்டால் மட்டும் 44.1க்கு மாற்றி, 16 பிட்டுக்கு டிதர் (பிட் குறைப்பின் பிழையை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போட்டுத் தனியாக ஒன்று.